மிசிசிப்பிப் பிரபலங்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது? எல்விஸும் ஓப்ராவும் போயாச்சு

ஜாக்சன்_அம்மா:

வணக்கம். நியூஜெர்சியில் இருந்துவிட்டு இந்தக் கோடையில்தான் மிசிசிப்பிக்கு வந்தோம். மகள் ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் 'மெழுகுச் சிலைக் கூடம்' என்று ஒன்று வைக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் இந்த மாநிலத்துப் பிரபலம் ஒருவரைப் போல உடுத்திக்கொண்டு சிலை மாதிரி நிற்க வேண்டும். பெற்றோர் வந்து கையில் ஒட்டியிருக்கும் காகிதப் பொத்தானைத் தொட்டால் உயிர் வந்து, "நான் இன்னார், இந்த ஊரில் பிறந்தேன்" என்று இரண்டு நிமிடம் பேச வேண்டும்.

பாடகர் எல்விஸையும் டி.வி. புகழ் ஓப்ராவையும் முதல் நாளே யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியை அனுப்பிய பட்டியல் நீளமாக இருக்கிறது. அதில் பாதிப் பேர் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. மகளிடம் கேட்டால் "நீயே சொல்லும்மா" என்கிறாள். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற கதையாக இருக்க வேண்டும். உடை தைக்க எனக்கு ஒரு சனி, ஞாயிறுதான் கிடைக்கும். யாரைச் சொல்வீர்கள், ஏன்?

பந்து_பைத்தியம்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஜெர்ரி ரைஸ். க்ராஃபர்ட் என்ற குக்கிராமம். அப்பா கொத்தனார். பிள்ளைகள் சாரத்தின் மேல் நின்று, கீழிருந்து தூக்கிப் போடும் செங்கற்களைப் பிடித்துப் பிடித்தே கை தேறியது என்பார்கள். பெரிய கல்லூரிகள் எதுவும் கூப்பிடவில்லை. இட்டா பீனாவில் இருக்கும் மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சின்னப் பல்கலைக்கழகத்தில் ஆடினார். கடைசியில் அமெரிக்கக் கால்பந்தில் 1,549 முறை பந்தைப் பிடித்து, அதில் 22,895 கெஜ தூரம் முன்னேறிவிட்டுத்தான் ஓய்ந்தார். பனியன் ஒன்று, அட்டையில் செய்த செங்கல் ஒன்று. தையல் வேலையே இல்லை.

அது வேண்டாம் என்றால் இந்த மாநிலத்தின் கொலம்பியா என்ற ஊரில் பிறந்த வால்டர் பேட்டன், அதே ஆட்டக்காரர்தான். படித்ததும் உங்கள் ஊர் ஜாக்சன் ஸ்டேட்டில்தான்.

பிரிட்னி ஸ்பியர்ஸ் பெயர் பட்டியலில் இருந்தால் ஏமாற வேண்டாம். மெக்கோமில் பிறந்ததோடு சரி, வளர்ந்தது எல்லைக்கு அந்தப் பக்கம் லூசியானாவில்.

லீலண்ட்காரன்:

சகோதரி, நான் டெல்டாவில் லீலண்ட் என்ற ஊரில் இருக்கிறேன். ஸ்டோன்வில் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பருத்திப் பூச்சிகளோடு காலம் தள்ளி, இப்போது ஓய்வு. டெல்டா என்றால் மெம்ஃபிஸுக்குத் தெற்கே மிசிசிப்பி ஆற்றுக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் வண்டல் பூமி. பாய் விரித்தது போலத் தட்டை. உங்கள் பட்டியலில் இருப்பவர்களில் ஒரு பெரும் பங்கு இங்கிருந்து கிளம்பிப் போனவர்கள்.

ஒவ்வொருவராகப் பாருங்கள். எல்விஸ் 13 வயதில் குடும்பத்தோடு டுப்பலோவை விட்டு மெம்ஃபிஸ் போனார். ஓப்ரா கோஸியஸ்கோவில் பாட்டியிடம் இருந்தது ஆறு வயது வரை, பிறகு மில்வாக்கி. ஸ்டார் வார்ஸில் டார்த் வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் ஆர்க்கபட்லாவில் பிறந்தவர். அவரும் சின்ன வயதிலேயே மிச்சிகன் போய்விட்டார். கிளார்க்ஸ்டேல் பக்கத்தில் ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ப்ளூஸ் இசைப் பாடகர் மட்டி வாட்டர்ஸ் 1943இல் ரயிலேறி சிகாகோ சேர்ந்தார். அவர் இருந்த மரக் குடிசை இப்போது கிளார்க்ஸ்டேல் ப்ளூஸ் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. ஆள் போய்விட்டார், வீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்!

ஏன் போனார்கள் என்பது பருத்திக்காரனான எனக்குக் கொஞ்சம் தெரியும். பண்ணையாரின் நிலத்தில், விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிர் செய்ய வேண்டும். விதை, உரம், மாவு, மண்ணெண்ணெய் எல்லாம் பண்ணைக் கடையில் கடன். ஆண்டுக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது கையில் ஒன்றும் நிற்காது, பல வருடம் கடன்தான் மிஞ்சும். கறுப்பர்களுக்கு ஓட்டு கிடையாது, அதனால் யாரிடம் போய்க் கேட்பது? அப்புறம் இயந்திரம் வந்தது. 1944இல் கிளார்க்ஸ்டேலுக்குப் பக்கத்தில் ஹாப்சன் பண்ணையில் விதைப்பிலிருந்து பஞ்சைச் சிப்பம் கட்டுவது வரை முழுக்க இயந்திரத்தாலேயே ஒரு வெள்ளாமை எடுத்துக் காட்டினார்கள். ஒரு இயந்திரம் ஐம்பது பேர் வேலையைச் செய்தது. ஏற்கெனவே கிளம்பிக்கொண்டிருந்த கூட்டம் இன்னும் வேகமாகக் கிளம்பியது. பெரும்பாலோர் ஏறியது இல்லினாய் சென்ட்ரல் ரயில், இறங்கியது சிகாகோ.

அதனால் இந்த மாநிலத்துக்காரர் யார் என்று என்னைக் கேட்டால், போகாமல் இங்கேயே நின்றவர்களைத்தான் முதலில் சொல்வேன். அதில் என் தேர்வு, கறுப்பர்களின் ஓட்டுரிமைக்காகப் போராடிய ஃபேன்னி லூ ஹேமர்.

என் வீட்டிலிருந்து 82ஆம் சாலையில் கிழக்கே போனால் இண்டியனோலா, அங்கிருந்து வடக்கே திரும்பினால் ரூல்வில். இந்தக் கொஞ்ச தூரத்துக்குள்தான் அந்த அம்மாள் வாழ்க்கையின் பெரும்பகுதி. பிறந்தது 1917இல், இருபது பிள்ளைகளில் கடைக்குட்டியாக. ஆறு வயதில் பண்ணையார் வந்து, "வாரத்துக்கு முப்பது பவுண்டு பஞ்சு பறிப்பாயா? பறித்தால் கடையில் மிட்டாயும் மத்தி மீன் டப்பாவும் வாங்கிக்கொள்ளலாம்" என்றாராம். பிள்ளை பறித்துவிட்டது. அடுத்த வாரம் அறுபது பவுண்டு என்றார்கள். உங்கள் மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று.

வளர்ந்த பிறகு மார்லோ என்பவரின் பண்ணையில் கணக்குப்பிள்ளை வேலை. ஆள் வருகையும் பஞ்சு எடையும் எழுதுவது. தராசில் பண்ணை வைக்கும் எடைக்கல்லில் தில்லுமுல்லு இருக்கும். முதலாளி இல்லாத நேரம் பார்த்து ஹேமர் தன்னுடைய சரியான கல்லை வைத்து நிறுத்து எழுதிவிடுவார். அரசியல் என்று ஒன்று அவருக்குத் தெரிவதற்கு முன்பே நடந்தது இது. எனக்கு அவரிடம் மிகப் பிடித்த இடமும் இதுதான். பஞ்சு எடை போடும் இடத்தில் ஒரு பவுண்டு என்றால் என்னவென்று தெரிந்தவனுக்குத்தான் அதன் அருமை புரியும்.

கறுப்பர்களும் ஓட்டுப் போடலாம் என்று அவர் முதன்முதலாகக் கேள்விப்பட்டது 1962இல், 44 வயதில். ஆகஸ்ட் 31ஆம் தேதி 18 பேர் ஒரு பழைய பஸ்ஸில் இண்டியனோலா கோர்ட்டுக்குப் பதிவு செய்யப் போனார்கள். அங்கே ஒரு பரீட்சை வைத்தார்கள். மாநில அரசியல் சாசனத்தில் ஒரு பிரிவைப் பார்த்து எழுதி, அதற்கு விளக்கமும் சொல்ல வேண்டும். குதிரைக்குக் கிறிஸ்துமஸைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அந்தச் சட்டம் தனக்குத் தெரியும் என்று பின்னாளில் சிரித்தபடி சொன்னார். தேறவில்லை.

திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. குற்றம் என்ன தெரியுமா? பஸ் அளவுக்கு மீறி மஞ்சளாக இருக்கிறது, பள்ளி பஸ் என்று ஆட்கள் ஏமாந்துவிடுவார்களாம். அதே பஸ்தான் பருத்தி பறிக்க ஆட்களை ஏற்றிக்கொண்டு அதுவரை ஓடிக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் அதன் நிறம் யார் கண்ணையும் உறுத்தவில்லை. 100 டாலர் அபராதம் என்று ஆரம்பித்து 30க்கு இறங்கினார்கள், பஸ்ஸில் இருந்தவர்கள் சேர்ந்து போட்டுக் கட்டினார்கள். எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் தேவாலயப் பாட்டு ஒன்றை எடுத்தது. ஹேமரின் பெயர் மற்றவர்களுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்தால் பண்ணையார் நிற்கிறார். பதிவை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய் என்றார். "உங்களுக்காக நான் பதியப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன்" என்று பதில் சொன்னார். பதினெட்டு வருடம் வேலை பார்த்த பண்ணையை விட்டு அன்று இரவே வெளியேறினார். சில நாள் கழித்து அவர் தங்கியிருந்த வீட்டில் துப்பாக்கிச் சூடு. அடுத்த வருடம் வினோனா என்ற ஊரில் கைது செய்து சிறையில் அடித்தது ஆயுசுக்கும் உடம்பை விட்டுப் போகவில்லை. 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழு முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் பேசினார். தொலைக்காட்சியில் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஜனாதிபதி ஜான்சன் அவசர அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டி, கேமராக்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பலன், அன்று இரவு எல்லாச் சேனல்களும் அந்தப் பேச்சைத் திரும்பப் போட்டன. நாடே பார்த்தது.

இவ்வளவுக்கும் பிறகு வடக்கே போய் நிம்மதியாக இருந்திருக்கலாம். போகவில்லை. 1969இல் இதே சன்ஃப்ளவர் கவுன்டியில் நிலம் வாங்கிக் கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். 1977இல் இறந்தார். ரூல்வில்லில் அவருடைய கல்லறை இருப்பது அந்தப் பண்ணைக்காக வாங்கிய நிலத்தில்தான்.

உடைக்குப் பயப்படாதீர்கள். பூப்போட்ட சாதாரணக் கவுன், முன்னால் ஒரு மைக், மார்பில் ஒரு பேட்ஜ். வேலை முடிந்தது.

இது கனமாக இருக்கிறது என்று தோன்றினால் எங்கள் ஊர் பொம்மலாட்டக்காரர் ஜிம் ஹென்சன் இருக்கிறார். அவருடைய அப்பா நான் வேலை பார்த்த அதே ஸ்டோன்வில்லில் விவசாயத் துறை ஆராய்ச்சியாளர். பையன் இங்கே டியர் க்ரீக் ஓடையில் தவளை பிடித்து வளர்ந்தான், பின்னாளில் டி.வி.யில் புகழ்பெற்ற கெர்மிட் என்ற தவளைப் பொம்மையைச் செய்தான். ஓடைக்கரையில் சின்ன மியூசியம் உண்டு, போகிற வழியில் எட்டிப் பாருங்கள். ஒரு பச்சைச் சாக்ஸ் இருந்தால் உடைக் கவலை தீர்ந்தது.

இன்னொருவர் ஹோல்ட் காலியர். அடிமையாகப் பிறந்தவர், பெரிய கரடி வேட்டைக்காரர். 1902 நவம்பரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஆன்வர்ட் பக்கம் வேட்டைக்கு வந்தபோது வழிகாட்டி இவர்தான். ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்து ஜனாதிபதியைக் கூப்பிட்டார். கட்டிப்போட்ட மிருகத்தைச் சுடமாட்டேன் என்றார் ரூஸ்வெல்ட். அது கார்ட்டூனாக வந்து, புரூக்ளினில் ஒரு கடைக்காரர் கரடிப் பொம்மை செய்து விற்க, டெடி பேர் பிறந்தது. உலகமெல்லாம் ரூஸ்வெல்ட் பெயர்தான் பொம்மைக்கு. கரடியை உயிரோடு பிடித்தவரை யாருக்கும் தெரியாது. பட்டியலில் இருக்கிறாரா பாருங்கள், இல்லையென்றால் ஆசிரியையிடம் சண்டை போடுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்ட்_வாசகி:

லீலண்ட் சார், உங்கள் ஹேமர் தேர்வுக்கு நான் கை தட்டுகிறேன். ஆனால் "நின்றவர்கள்தான் முதலில்" என்பதை ஏற்க முடியவில்லை. ஹாலி ஸ்பிரிங்ஸில் 1862இல் அடிமையாகப் பிறந்தவர் ஐடா பி. வெல்ஸ். 1878இல் மஞ்சள் காய்ச்சலில் அப்பா, அம்மா இருவரும் போனார்கள். 16 வயதில் பள்ளி ஆசிரியையாகி, தம்பி தங்கைகளை வளர்த்தார். மெம்ஃபிஸ் போய்ப் பத்திரிகை நடத்தி, கறுப்பர்களைக் கும்பல் சேர்ந்து கொல்வதைப் பற்றி ஆதாரத்தோடு எழுதியதற்காக 1892இல் அவருடைய அச்சகத்தை நொறுக்கினார்கள். அவர் அப்போது ஊரில் இல்லாததால் உயிர் பிழைத்தது. திரும்பி வந்திருந்தால் கொன்றிருப்பார்கள். ஓடியதால்தான் மேலும் நாற்பது வருடம் எழுதினார். 2020இல் புலிட்சர் சிறப்பு விருது கொடுத்தார்கள், இறந்து 89 வருடம் கழித்து.

நின்ற ஒருவரையும் சொல்கிறேன், கறுப்பர் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ். ஜாக்சன்_அம்மா, உங்கள் ஊர் விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான். அவருடைய வீட்டையும் போய்ப் பாருங்கள். தெருவைப் பார்த்து முன்வாசல் வைக்காமல், கார் நிறுத்தும் இடத்தின் பக்கமாக வாசல் வைத்த வீடு. ஜன்னல் வழியே சுட்டால் படக்கூடாது என்று பிள்ளைகளின் மெத்தைகளைத் தரையிலேயே போட்டிருந்தார்கள். இவ்வளவு கவனமாக இருந்தும் 1963 ஜூன் 12 அன்று காரை விட்டு இறங்கியபோது முதுகில் சுட்டார்கள். கொன்றவனுக்குத் தண்டனை கிடைக்க 1994 வரை ஆனது. நிற்பதற்கு அப்படி ஒரு விலை இருந்த இடத்தில் போனவர்களைக் குறைவாக எடை போடலாமா?

என் பங்குக்கு ஒரு எழுத்தாளர்: யூடோரா வெல்ட்டி. பிறந்ததும் ஜாக்சன், 2001இல் இறந்ததும் ஜாக்சன். 1930களில் அரசு வேலையில் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி, சாதாரண ஜனங்களைப் புகைப்படம் எடுத்தவர். நம்மில் வயதானவர்கள் ஒரு காலத்தில் மின்னஞ்சலுக்குப் பயன்படுத்திய யூடோரா மென்பொருளின் பெயர் இவருடையது. தபால் ஆபீஸில் குடியேறிய பெண்ணைப் பற்றி இவர் எழுதிய கதைதான் காரணம். எங்கள் ஊர் நாவலாசிரியர் ஃபாக்னரோ நிஜமாகவே பல்கலைக்கழகத் தபால் ஆபீஸில் போஸ்ட்மாஸ்டராக இருந்து, கடிதங்களைப் பிரிக்காமல் உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்தார் என்று கெட்ட பெயர் வாங்கி வேலையை விட்டவர். நோபல் பரிசு அப்புறம்தான் வந்தது. ஐந்தாம் வகுப்புக்கு அவர் வேண்டாம், வளர்ந்த பிறகே புரிவது கஷ்டம்.

லீலண்ட்காரன்:

அம்மா, போனவர்களை நான் குறை சொல்லவில்லை. போகவைத்தவர்களைத்தான் சொல்கிறேன். வெல்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனாலும் ஒன்று. எல்விஸ் இரண்டு அறை வீட்டில் பிறந்ததைக் காட்டிக் காசு பண்ணும் மாநிலம், ரூல்வில்லுக்கு வழிகாட்டும் பலகையை எவ்வளவு காலம் கழித்து வைத்தது என்று யோசித்துப் பாருங்கள். ஹேமருக்குச் சிலை வந்ததே 2012இல்.

போய்விட்டுத் திரும்பித் திரும்பி வந்தவர்களும் உண்டு. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் வருடா வருடம் இண்டியனோலாவுக்கு வந்து வாசிப்பார். 2015இல் அடக்கம் செய்ததும் அங்கேதான். மார்கன் ஃப்ரீமன் மெம்ஃபிஸில் பிறந்தாலும் சிறு வயதில் சார்ல்ஸ்டனில் வளர்ந்தவர், பெரிய நடிகரான பிறகு அங்கேயே வந்து குடியிருக்கிறார். அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் கறுப்புப் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக நடன விருந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றாக நடத்தினால் செலவு என்னுடையது என்று 1997இலேயே சொல்லிப் பார்த்தார். 2008இல்தான் ஒப்புக்கொண்டார்கள். வருடத்தைத் தப்பாக அடிக்கவில்லை, 2008.

மெம்ஃபிஸ்_டீச்சர்:

நான் இங்கே நான்காம் வகுப்பு எடுக்கிறேன், இதே நிகழ்ச்சியை நாங்களும் நடத்துகிறோம். சில நடைமுறை விஷயங்கள்.

யாரைத் தேர்ந்தெடுத்தாலும் பிள்ளையின் முகத்தில் நிறம் பூச வேண்டாம். நம் வீட்டு மாறுவேடப் போட்டிப் பழக்கத்தில் யாராவது மையை எடுத்துவிடுவார்கள். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசி மேடையேறி கறுப்பர்களைக் கேலி செய்த வரலாறு இந்த நாட்டுக்கு உண்டு, அது இன்னும் ஆறாத புண். உடையும் கையில் ஒரு பொருளும் போதும்.

இரண்டு நிமிடத்தில் முழு வாழ்க்கையையும் திணிக்காதீர்கள். பிறந்த தேதி, பெற்றோர் பெயர் என்று ஆரம்பிக்கும் பிள்ளையைப் பெற்றோர் பாதியில் விட்டுவிட்டு அடுத்த சிலைக்குப் போய்விடுவார்கள். ஹேமர் என்றால் பஸ்ஸில் ஆரம்பியுங்கள். முப்பது பவுண்டு, அறுபது பவுண்டு கதை அடுத்து. சிறையில் நடந்ததை ஒரே வாக்கியத்தில் மறைக்காமல் சொல்லலாம், விவரம் வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அநியாயம் புரியும், இரத்தம் தேவையில்லை.

ஜாக்சன்_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. செங்கல், தவளை, கரடி, பஸ் நான்கையும் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். தவளைதான் ஜெயிக்கும் என்று நினைத்தேன். "மஞ்சளா இருந்ததுக்கா ஃபைன்?" என்று கேட்டவள் அதை விடவே இல்லை. அவள் தினமும் போவது மஞ்சள் பஸ்ஸில். அப்பாவிடம் போய், மாமாவிடம் ஃபோனில், மறுபடி என்னிடம் என்று எல்லோரிடமும் கேட்டாகிவிட்டது. ஹேமர்தான் என்று ஆசிரியைக்கும் எழுதிவிட்டோம். அட்டையில் பஸ் வெட்டிக்கொண்டிருக்கிறாள். அவர் பறித்த பருத்தி என்று காட்டக் கொஞ்சம் பஞ்சும் வேண்டுமாம், மருந்துக்கடைப் பஞ்சு சரிப்படுமா? ஹேமர் பன்றி வங்கி நடத்தினார் என்று எங்கேயோ படித்துவிட்டு உண்டியலை வேறு எடுத்துக்கொண்டு நிற்கிறாள். அது என்ன கதை, லீலண்ட் சார்?

லீலண்ட்காரன்:

உண்டியல் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது நிஜப் பன்றி. 1960களின் கடைசியில் ஒரு தேசியப் பெண்கள் அமைப்பு கொடுத்த சில டஜன் பன்றிகளை வைத்து ஹேமர் ஆரம்பித்தது. ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பெண் பன்றி கொடுப்பார்கள். அது குட்டி போட்டதும் குட்டிகள் குடும்பத்துக்கு. கடனைத் திருப்புவது போல வங்கிக்கும் ஒரு பங்கு போகும், அதை அடுத்த குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். ஓட்டுப் பதியப் போனதற்காக வேலையும் ரேஷனும் போன வீடுகளில் குளிர்காலத்துக்குக் கறி இருந்தது. பண்ணையார் மிரட்டினால் பணிய வேண்டிய அவசியம் கொஞ்சம் குறைந்தது. பன்றிப் பொம்மை ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும், கேட்பவர்களுக்குச் சொல்ல விஷயம் இருக்கும்.

மருந்துக்கடைப் பஞ்சு வேண்டாம், பார்த்தாலே தெரிந்துவிடும். இப்போது அறுவடை நேரம், 61ஆம் சாலை ஓரமெல்லாம் வண்டியிலிருந்து சிந்திய பஞ்சு கிடக்கிறது. காயோடு கிடைக்குமா என்று பார்த்து ஒரு பையில் போட்டுத் தபாலில் அனுப்புகிறேன், முகவரியைத் தனிச்செய்தியில் போடுங்கள். காய் ஓடு கூராக இருக்கும், விரலைக் கிழித்துவிடும், பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.